பள்ளித் திருப்பணி நிறைவு: வரவு செலவும் மற்ற விவரங்களும்

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நம் ஊராட்சியின் இரண்டு பள்ளிகளிலும் எடுத்த வேலை ஒருவழியாக முடிந்துவிட்டது. தலைக்கட்டு வரியும் வெளியூரில் இருப்பவர்கள் அனுப்பியதுமாக வரவு 4,12,500 ரூபாய், செலவு 3,98,200, கையிருப்பு 14,300. பில்கள் எல்லாம் பொருளாளரிடம் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

முதலில் போட்ட திட்டம் வேறு. ஊருக்குள் இருக்கும் நடுநிலைப் பள்ளிக்கு நுழைவு வளைவு, டைல்ஸ், ஸ்மார்ட் போர்டு என்றுதான் பேசி வைத்திருந்தோம். கூட்டத்துக்கு வந்த டீச்சர்தான், ஆறாம் வகுப்புக்கு வரும் காலனிப் பிள்ளைகள் ஏன் வாசிக்கவே திணறுகிறார்கள், அவர்கள் படித்துவிட்டு வருகிற தொடக்கப் பள்ளிக்குள் நம்மில் யாராவது போயிருக்கிறோமா என்று கேட்டார். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க் கரையைத் தாண்டிப் போய்ப் பார்த்தோம். ஓட்டுக்கூரையின் ரீப்பர் (ஓட்டைத் தாங்கும் மரச்சட்டம்) பாதி கரையான் தின்றது, மழை வந்தால் ஐந்து வகுப்பும் ஒரே மூலையில், கழிப்பறை இருக்கிறது ஆனால் தண்ணீர் இல்லாததால் பூட்டு. அதைப் பார்த்த பிறகு வளைவைப் பற்றி யாரும் பேசவில்லை.

அதனால்தான் பணத்தில் பெரும்பகுதி அங்கே போனது. கூரை முழுக்கப் பிரித்து ரீப்பர் மாற்றி ஓடு வேய்ந்தோம், மோட்டார் இறக்கி, தொட்டி வைத்து, கழிப்பறைக்கும் தண்ணீர் கொடுத்தோம். 2023-இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் காலை உணவு வந்ததிலிருந்து பிள்ளைகள் தட்டு கழுவ ஒரு குடத்தைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். இப்போது குழாய்கள் இருக்கின்றன. கொத்தனார் வழக்கமான உயரத்தில் வைக்கப் போனவரை நிறுத்தி, ஒன்றாம் வகுப்புப் பையனை நிற்க வைத்து அளவெடுத்தார் டீச்சர்.

நடுநிலைப் பள்ளியில் பழுதுபார்த்தல், வெள்ளையடிப்பு, அவ்வளவுதான்.

அப்புறம் மாலை வகுப்பு. எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் தேர்வில் தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய் உதவித்தொகை. டீச்சர் அதற்குப் பள்ளி விட்ட பிறகு சொல்லிக் கொடுத்தார், ஆனால் காலனிப் பிள்ளைகள் உட்காரவில்லை, படிப்பு ஏறாததால் இல்லை, இருட்டினால் கரைமேல் தனியாக நடக்க வேண்டுமே என்றுதான். இனி வாரத்தில் பாதி நாள் அந்த வகுப்பு காலனியிலேயே நடக்கும், கரையில் சோலார் விளக்கும் போட்டாகிவிட்டது. அந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டிய வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்துக்குக் கூடவே போய் வரவும் ஆள் வேண்டும், இளைஞர்கள் பேர் கொடுங்கள்.

ஆறாம் வகுப்புக்குப் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றலாமா என்று யோசிப்பவர்களுக்கு டீச்சர் சொல்லச் சொன்னது: மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கும், கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும், ஆறிலிருந்து பன்னிரண்டு வரை எங்கே படித்தார்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். சேர்க்கும் முன்பு அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஊர்க்காசைக் காலனியில் கொட்டிவிட்டோம் என்று சிலருக்கு இன்னும் மனத்தாங்கல் இருக்கிறது. மழையில் ஒழுகிய கூரை எதுவோ அதைத்தான் முதலில் வேய முடியும், இதில் குழுவுக்கு இரண்டாவது கருத்து இல்லை. கல்வெட்டில் பேர் எங்கே என்று கேட்டவர்களுக்கு: கல்வெட்டே வைக்கவில்லை.

கையிருப்பு மோட்டார் பராமரிப்புக்கு. வரி பாக்கி உள்ளவர்கள் பொங்கலுக்குள் கட்டிவிடுங்கள், வீடு வீடாக வர வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
செயலாளர், திருப்பணிக் குழு