புக்கம்னு எழுதுங்க, கல்லுல அப்படித்தான் இருக்கு

தமிழ்நாட்டுப் பத்திரிகை, டிவி செய்தி ஆசிரியர்களுக்கும், பாடப்புத்தகம் எழுதுறவங்களுக்கும், பர்மாவுக்கு டூர் கூட்டிட்டு வர்ற கம்பெனிக்காரங்களுக்கும் யாங்கோன்லேர்ந்து வணக்கம்.

நான் இங்கயே பொறந்து வளர்ந்த தமிழச்சிங்க. ஞாயித்துக்கிழமை பத்துப் பதினஞ்சு பிள்ளைங்களுக்குத் தமிழ் சொல்லிக் குடுக்கறேன். பர்மாவுல பழைய கோயிலுங்க நிறைஞ்ச, இங்கிலீஷ்ல Bagan-னு எழுதற ஒரே ஒரு ஊரோட பேரப் பத்தித்தான் இந்த மடல், பெரிய விஷயம் இல்லன்னு நினைக்காம கடைசி வரைக்கும் படிச்சிருங்க.

2016 ஆகஸ்ட் 24 சாயங்காலம் 6.8 அளவுக்கு நிலநடுக்கம் வந்துச்சு. எங்க சித்தப்பா அன்னிக்கு அந்த ஊருக்குப் பக்கத்துல நியாங் ஊங்கற ஊர்ல இருந்தாரு, அரக்கு வேலை செஞ்ச சாமான் வாங்கி வந்து இங்க விக்கிறவர், போன் போட்டா லைனே கிடைக்கல. அந்தப் பக்கம் காரைக்குடியில அத்தை, அவங்களும் பதறிப்போய் தமிழ்ல தேடிப் பாத்துட்டு, "செய்தில ஒண்ணுமே காணோமேடி, யானையாத்தான் வருது"ன்னாங்க. அவங்க அடிச்சது "பாகன் நிலநடுக்கம்". செய்தி வராம இல்ல, வந்துச்சு, ஆனா ஒருத்தர் பேகன்னு போட்டிருந்தாரு, இன்னொருத்தர் பகான்னு, வேறொருத்தர் பகன்னு, ஒரு இடத்துல பேரே போடாம பழமையான பகோடா நகரம்னு முடிச்சிருந்தாங்க. ராத்திரி ஒன்பது மணிக்கு சித்தப்பாவே கூப்பிட்டாரு, நல்லாத்தான் இருந்தாரு, நூத்துக்கணக்கான கோயில் சேதமாயிருச்சுன்னு சொல்லி அழுதாரு. அன்னிக்கு மனசுல விழுந்தது இது, இன்னும் போகல.

பாகன்னா நமக்கு யானைப்பாகன், தேர்ப்பாகன், உமையொருபாகன். "பாகன் பேரரசு"ன்னு பாடத்துல எழுதினா எட்டு வயசுப் பிள்ளை யானை ஓட்டறவங்க ராஜ்யம்னுதான் நினைக்கும், என் க்ளாஸ்லயே ஒரு பையன் அப்படித்தான் கேட்டான், அவன் மேல என்ன தப்பு? பேகன்னு எழுதினா மயிலுக்குப் போர்வை குடுத்த வள்ளல் வந்து நிக்கிறாரு. பகன்னு எழுதினா தக்கன் வேள்வியில கண்ணைப் பறிகுடுத்த தேவன். சரி பகான்னே வச்சுக்கலாம்னு பாத்தா, தேடினதும் மொதல்ல வர்றது கொல்கத்தாவோட மோகன் பகான், 1889ல ஆரம்பிச்ச ஃபுட்பால் க்ளப், 1911ல வெறுங்காலோட ஆடி வெள்ளைக்காரன் டீமைத் தோக்கடிச்சவங்க. அவங்க பேருல இருக்கற அந்தச் சொல்லுக்கு வங்காளில தோட்டம்னு அர்த்தம். பினாங்குல இருக்கற எங்க பெரியம்மா பையன் "பாகான்ல நிக்கிறேன், ஃபெர்ரி ஏறப் போறேன்"ன்னு மெசேஜ் போட்டப்ப நான் ஒரு நிமிஷம் திகைச்சுப் போயிட்டேன், ஐராவதி ஆத்துல எங்கடா ஃபெர்ரின்னு. அவன் சொன்னது பட்டர்வொர்த்தை, மலாய்ல பாகான்னா படகு வந்து ஒதுங்குற துறை.

இங்கிலீஷ் வழியா வந்த குழப்பம் இன்னும் மோசம். 1989 வரைக்கும் இங்கிலீஷ்ல இந்த ஊர் பேரை எழுதின எழுத்தும், கிறிஸ்தவம் சேராதவனைச் சொல்ற "பேகன்"ங்கற சொல்லோட எழுத்தும் ஒண்ணேதான். அது லத்தீன்ல கிராமத்தான்ங்கற சொல்லுலேர்ந்து வந்தது, எங்க ஊருக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனா மெஷின்ல போட்டு மொழிபெயர்த்த ஒரு டூர் நோட்டீஸ் எனக்கு வாட்ஸப்ல வந்துச்சு, யாரு போட்டதுன்னு சொல்ல விரும்பல, அதுல "அஞ்ஞானி நகரில் மூன்று நாட்கள்"ன்னு இருந்துச்சு. 2019ல யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியல்ல சேத்த ஊரு, இன்னிக்கும் ரெண்டாயிரத்துக்கு மேல பயாவும் (பகோடாவை இங்க அப்படித்தான் சொல்வாங்க) கோயிலும் நிக்கிற ஊரு, அதுக்கு நம்ம பாஷையில இப்படி ஒரு பேரு. படிச்சப்ப வயிறு எரிஞ்சுது.

இவ்வளவு எதுக்குச் சொல்றேன்னா, நம்ம பாஷையில அந்த ஊருக்கு ஏற்கனவே ஒரு பேர் இருக்குங்க. புதுசா யாரும் உக்காந்து யோசிக்க வேண்டியதே இல்ல.

பழைய நகரத்துக்குத் தெக்கால மயின்கபான்னு ஒரு கிராமம், அங்க ஒரு கல்வெட்டு கிடைச்சுது, 13ஆம் நூற்றாண்டு எழுத்து. மேல கிரந்தத்துல ஒரு சமஸ்கிருத சுலோகம், விஷ்ணுவைப் பாடுற முகுந்தமாலையில வர்றது, அதுக்குக் கீழ சுத்தமான தமிழ். மலைமண்டலத்து மகோதயர்பட்டணத்துக்காரர் ஒருத்தர், அதாவது இன்னிக்குக் கொடுங்கல்லூர்னு சொல்ற ஊர், இராயிரன் சிறியான் ஆன குலசேகர நம்பின்னு பேரு. நானாதேசி விண்ணகர் ஆழ்வார் கோயிலுக்கு ஒரு மண்டபம் கட்டி, கதவு போட்டு, அணையாம எரிய ஒரு நிலைவிளக்கும் குடுத்தேன்னு எழுதி வச்சிருக்காரு. நானாதேசின்னாலே பல நாட்டுக்கும் போய் வியாபாரம் பண்ற கூட்டம், விண்ணகர்னா விஷ்ணு கோயில். இந்தக் கோயில் எந்த ஊருல இருக்குன்னு அவர் சொல்றாரு பாருங்க, புக்கமான அரிவத்தனபுரம். அரிவத்தனபுரம்னா அரிமர்த்தனபுரம், எதிரிகளை நசுக்குற நகரம், அது ஊரோட ராஜ மரியாதைப் பேரு. புழங்குற பேரு புக்கம்.

இது அவர் வாய்க்கு வந்தபடி எழுதினதும் இல்ல. சித்தப்பா அந்த நிலநடுக்கம் கழிச்சுத் திரும்பி வந்தப்ப ஒரு கோப்பை கொண்டு வந்தாரு, மூங்கில் சிம்பும் குதிரை மயிரும் சேத்துப் பின்னி அரக்குப் பூசினது, விளிம்பை ரெண்டு விரலால அமுக்கினா ஒண்ணோட ஒண்ணு தொடும், விட்டா பழையபடி வட்டமாயிரும், ஒரு கீறல் விழாது. அதோட அடியில பர்மிய எழுத்துல ஊர் பேரைக் கீறியிருக்காங்க. க்ளாஸ்ல கொண்டு போய் காட்டினேன். மொத எழுத்து நம்ம ப மாதிரியே இருக்கும், கீழ ஒரு ஒத்தக் கோடு, அது உகரம், ஆக பு. அடுத்தது க. அது தலைக்கு மேல ஒரு குட்டி வட்டம், பாலியில அது ம். கூட்டிப் படிங்கன்னேன், பத்து வயசுப் பொண்ணு ஒருத்தி டக்குனு "புகம், டீச்சர்!"ன்னா. பர்மாக்காரங்க வாய்ல அது பகான்னு வருது, எழுத்துல இன்னிக்கும் புகம்தான். இன்னிக்கு வியட்நாம் இருக்கற பக்கம் இருந்த சம்பா நாட்டுப் பழைய கல்வெட்டுலயும் புகம்னுதான் இருக்கு. சீனாக்காரங்க பு-கான்னு எழுதினாங்க. எல்லாரும் ஒண்ணையேதான் கேட்டிருக்காங்க, நம்ம நம்பியும் அதைத்தான் கேட்டு கல்லுல வெட்டினாரு.

எங்க அப்பாயி புதுக்கோட்டைப் பக்கத்துலேர்ந்து பதினாறு வயசுல கல்யாணம் கட்டிக் கப்பல் ஏறி வந்தவங்க. பொறந்த வீட்டைப் பொறந்தகம்னும் வந்த வீட்டைப் புக்ககம்னும்தான் சொல்வாங்க, புகுந்த வீடுன்னு சொல்லிக் கேட்டதே இல்ல. ஊருக்கும் இந்தச் சொல்லுக்கும் வேர் ஒண்ணு இல்ல, அது எனக்குத் தெரியும், அப்படின்னு யாரும் கதை கட்டவும் வேணாம். ஆனா முதல் தடவை அந்தக் கல்வெட்டு வாசகத்தைப் படிச்சப்ப புக்கம்ங்கற இடத்துல எனக்கு அப்பாயி குரல்தான் காதுல கேட்டுச்சு. 1964ல நிறையப் பேர் கப்பல்ல திரும்பிப் போனப்பவும் அவங்க போகல. வாழ வந்த வீடு இதுதாம்மான்னுட்டாங்க.

இன்னொண்ணையும் சொல்லிடறேன், இல்லன்னா இந்த மடலைத் தப்பா எடுத்துப்பாங்க. இந்த ஊரைத் தமிழன் கட்டினான், சோழன் ஆண்டான்னு சிலபேர் வீடியோ போடறாங்க. தயவுசெஞ்சு வேணாம். 1044ல பட்டத்துக்கு வந்த அநோரதா ராஜா பெருசாக்கின பர்மிய ராஜ்யம் அது, யாங்கோன்ல காளி கோயிலுக்குப் போறப்ப நாங்க தினம் நடக்கற ரோடே அவர் பேருலதான் இருக்கு. புக்கத்துல பழைய கோட்டைக்குள்ள நத்லாவுங் சாவுங்னு ஒரு விஷ்ணு கோயில் இருக்கு, சுத்தி அத்தனை புத்தர் கோயிலுக்கு நடுவுல. இருக்க விட்டாங்க, நம்ம ஆளுங்க மண்டபமும் விளக்கும் குடுத்தாங்க. நம்ம பங்கு அந்த மண்டபம், கதவு, விளக்கு, அப்புறம் ஊரைச் சரியாக் கூப்பிட்ட ஒரு பேரு. அது போதாதா?

பேரை மாத்தினா யாருக்கும் புரியாதேன்னு கேப்பீங்க. ஜாஃப்னான்னு எழுதாம யாழ்ப்பாணம்னுதானே எழுதறோம், யாருக்குப் புரியல? கொஞ்ச நாளைக்கு புக்கம், அடைப்புக்குள்ள பகான்னு சேத்துப் போடுங்க, ஒரு வருஷத்துல பழகிரும். பாகன், பேகன், பகன் மூணையும் விட்டுருங்க. பாடப்புத்தகத்துல "புக்கம் பேரரசு"ன்னு போட்டு, ஓரமா அந்தக் கல்வெட்டோட ரெண்டு வரியையும் போடுங்க, பிள்ளைங்க எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும். டூர்க்காரங்க நோட்டீஸ் அடிக்கறதுக்கு முன்னாடி பர்மாத் தமிழங்க ஒருத்தர்கிட்டயாவது காட்டுங்க, காசு கேக்க மாட்டோம்.

என் க்ளாஸ் பிள்ளைங்க நோட்டுல இப்பவே புக்கம்னுதான் எழுதுது. மார்கழி, தை வாக்குல ஆனந்தா கோயில் திருவிழா வரும், அதைப் பத்தி உங்க பேப்பர்ல நாலு வரி அந்தப் பேருல வந்தா எனக்கு ஒரு காப்பி எடுத்து வைங்க. காரைக்குடி அத்தை வாங்கி அனுப்புவாங்க, க்ளாஸ் சுவத்துல ஒட்ட இடம் விட்டு வச்சிருக்கேன்.