உங்கள் ரெசிபி புத்தகம் சொன்னதைச் செய்ததற்கா வாரண்டி கிடையாது?

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

பொருள்: வாஃபிள் மேக்கர் தட்டில் கோட்டிங் உரிந்ததும், நீங்கள் வாரண்டியை மறுத்ததும்

வணக்கம். நீங்கள் அனுப்பிய பதில் கிடைத்தது. தவறாகக் கையாண்டதால் நான்-ஸ்டிக் கோட்டிங் பழுதாகிவிட்டது, ஆகவே வாரண்டி பொருந்தாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அப்படி என்ன தவறு என்று போனில் கேட்டதற்கு, "எண்ணெய் ஸ்பிரே அடிச்சிருக்கீங்க, போட்டோவிலேயே தெரியுது" என்றார் உங்கள் ஆள்.

ஆமாம், அடித்தேன். ஏனென்றால் பெட்டிக்குள் நீங்களே வைத்து அனுப்பிய ரெசிபி புத்தகத்தில், ஒவ்வொரு ரெசிபியின் முதல் வரியும் "இரண்டு தட்டுகளிலும் எண்ணெய் ஸ்பிரே அடிக்கவும்" என்றுதான் இருக்கிறது. அதே பெட்டியில் வந்த வாரண்டி அட்டையின் பின்பக்கத்தில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்க வேண்டிய எழுத்தில், ஸ்பிரே பயன்படுத்தினால் வாரண்டி செல்லாது என்று போட்டிருக்கிறீர்கள். புத்தகத்தை எழுதியவரும் அட்டையை எழுதியவரும் ஒரே கம்பெனியில்தான் வேலை பார்க்கிறார்களா? இரண்டின் படத்தையும் இணைத்திருக்கிறேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அட்டை சொல்வதுதான் சரி. டப்பாவில் வரும் சமையல் ஸ்பிரேக்கள் பலவற்றில் எண்ணெயோடு லெசிதின் என்ற கொழுப்புப் பொருளும் இருக்கும். சூடான நான்-ஸ்டிக் மேல் அது படியப் படிய பழுப்பாக, பிசுபிசுவென்று ஒரு படலமாக இறுகிவிடும், பிறகு சோப்புத் தண்ணீருக்கும் அசையாது. மாவு ஒட்டுவது தட்டில் இல்லை, அந்தப் படலத்தில். பிரஷ்ஷால் கொஞ்சம் எண்ணெய் தடவினால் இந்தத் தொல்லை வராது. இது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் வாரண்டியில் சேர்த்திருக்கிறீர்கள். தெரிந்துகொண்டே புத்தகத்தில் ஏன் அப்படி அச்சடித்தீர்கள் என்பதற்கு மட்டும் இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

சரி, ஸ்பிரேயை விடுங்கள். மாவு ஒட்டியதற்கு அது மட்டும் காரணமில்லை. பச்சை விளக்கு எரிந்தால் வாஃபிள் தயார், உடனே மூடியைத் திறக்கலாம் என்கிறது கையேடு. அந்த விளக்கு சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு சேர்ந்து எரிந்து அணைகிற விளக்கு. தட்டு குறிப்பிட்ட சூட்டை எட்டிவிட்டதா என்பதுதான் அதற்குத் தெரியும், உள்ளே மாவு வெந்ததா என்பது தெரியாது. மாவை ஊற்றியதும் தட்டு கொஞ்சம் ஆறும், விளக்கு மாறும், மறுபடி சூடேறியதும் பச்சை வரும், ஆனால் அந்த நேரத்தில் ஓரத்திலிருந்து ஆவி புஸ்ஸென்று வந்துகொண்டே இருக்கும். ஆவி வருகிறது என்றால் மாவில் இன்னும் தண்ணீர் இருக்கிறது, வேகவில்லை என்று அர்த்தம். உங்கள் கையேட்டை நம்பித் திறந்தால் வாஃபிள் நடுவில் பிளந்து பாதி மேல் தட்டிலும் பாதி கீழ் தட்டிலும் ஒட்டிக்கொள்கிறது. அதற்கப்புறம் அந்தச் சின்னச் சின்னக் குழிகளிலிருந்து மாவைச் சுரண்டி எடுப்பது இருக்கிறதே, அதை உங்கள் வடிவமைப்பாளர் ஒரு தடவையாவது செய்து பார்க்க வேண்டும். மரக்குச்சிதான் பயன்படுத்தினேன், உலோகம் எதுவும் படவில்லை, அதற்கே கோட்டிங் செதில் செதிலாக வந்துவிட்டது. ஆவி அடங்கும் வரை காத்திருங்கள் என்று ஒரு வரி போட்டிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது.

ஆவி அடங்கிய பிறகு திறந்தாலும் வேறு பிரச்சினை. முன்பக்கம் கருகுகிறது, கீலை ஒட்டிய பகுதி வெளுத்துக் கிடக்கிறது. என் மாவில்தான் கோளாறு என்று நீங்கள் சொல்வீர்கள் என்று தெரிந்தே, மாவே இல்லாமல் சாதாரண ரொட்டித் துண்டுகளை இரண்டு தட்டுக்கும் நடுவில் வைத்து மூடிப் பார்த்தேன். அப்போதும் முன்பக்கத் துண்டு கரிந்தது, பின்பக்கத் துண்டு லேசாகக்கூட நிறம் மாறவில்லை. அந்தப் படமும் இருக்கிறது. ரொட்டியையும் தவறாகக் கையாண்டேன் என்பீர்களோ என்னவோ.

கீல் அசையாத வகை. மாவு உப்பும்போது மூடி சீராக மேலே எழும்ப இடம் இல்லை, முன்பக்கம்தான் வாய் திறக்கிறது, ஆவி மொத்தமும் நேராகக் கைப்பிடி மேல் அடிக்கிறது, துணி இல்லாமல் தொட முடியவில்லை. கார்னீலியஸ் ஸ்வார்ட்வவுட் என்பவர் 1869-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய, அடுப்பின் மேல் வைக்கிற வாஃபிள் அச்சிலேயே கை சுடாமல் திருப்புவதற்குக் கைப்பிடியும் கீலும் யோசித்து வைத்திருந்தார்கள்.

நான் உண்மையில் பயப்படுவது வேறொன்றுக்கு. ஓரத்தில் வழியும் மாவைத் தாங்க ஒரு பள்ளம்கூட இல்லாததால் அது நேராகக் கீலுக்குள்ளும் தட்டுக்கு அடியிலும் போகிறது. தட்டைக் கழற்ற முடியாது. தண்ணீரில் முக்கவும் கூடாது, மின்சாரப் பொருள் என்பதால் அது நியாயம்தான். அப்படியானால் உள்ளே போன மாவை எப்படி எடுப்பது? ஒவ்வொரு முறை பிளக்கை மாட்டும்போதும் அது கருகிப் புகைகிறது. இதைக் கேட்டதற்கு "ஈரத் துணியால் துடைக்கவும்" என்று உங்கள் இணையதளத்தில் உள்ள வரியையே எடுத்து அனுப்பினீர்கள். துணி நுழையாத இடம் என்று சொல்லித்தானே கேட்டேன்!

இப்போது தட்டில் கோட்டிங் போன இடங்களில் அடியிலுள்ள உலோகம் தெரிகிறது. இந்தக் கோட்டிங் டெஃப்லான் வகை என்று உங்கள் பெட்டியிலேயே இருக்கிறது. அந்த வகை 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால் சிதையத் தொடங்கும். ரொட்டி கரிகிற முன்பக்கம் எவ்வளவு சூடாகிறது என்று நீங்கள்தான் அளந்து சொல்ல வேண்டும். அது தெரியாமல் இதில் செய்ததைக் குழந்தைகளுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை, அதனால் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டேன்.

எனக்குப் புதுத் தட்டோ அதே மாடலில் இன்னொன்றோ வேண்டாம். அதே கீல், அதே விளக்கு, அதே புத்தகம்தானே வரும். பணத்தைத் திருப்பித் தாருங்கள், இயந்திரத்தை உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு போய்ச் சோதித்துப் பாருங்கள். தள்ளுபடிக் கூப்பன் அனுப்புவதாகச் சொன்னீர்கள், அது எனக்குத் தேவையில்லை. அப்புறம் அந்த ஸ்பிரே வரியை ரெசிபி புத்தகத்திலிருந்து எடுங்கள், இல்லையென்றால் வாரண்டி அட்டையிலிருந்தாவது எடுங்கள்.

பில், ரெசிபி புத்தகம், வாரண்டி அட்டை, ரொட்டி, தட்டு எல்லாவற்றின் படங்களும் இணைப்பில் உள்ளன. இந்த முறை போனில் வேண்டாம், பதிலை எழுத்தில் அனுப்புங்கள். தவறான கையாளுதல் என்று மறுபடியும் எழுதுவதாக இருந்தால், கையேட்டின் எந்தப் பக்கத்தில் உள்ள எந்த வரியை நான் மீறினேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாஃபிள் மேக்கரை வாங்கிய வாடிக்கையாளர்