எலிசபெத்தும் இசபெல்லாவும்

அன்பு மகளுக்கு,

பேத்திக்கு முதல் பெயர் எலிசபெத், இரண்டாவது இசபெல்லா என்று வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். இரண்டும் நல்ல பெயர்கள்தான். ஆனால் வேர் ஒன்று. சேர்த்து வைத்தால் ஒரே பெயரை இரண்டு தடவை வைத்த மாதிரி ஆகிவிடும்.

மூலம் எபிரேயம்: எலிஷேவா, ஆரோனின் மனைவி. 'என் கடவுள் ஆணை' என்று பொருள் சொல்வார்கள்; ஆணை என்றால் இங்கே சத்தியம். நம் பழைய வேதாகமத்தில் யாத்திராகமம் 6:23-இல் அவள் எலிசபாள். லூக்காவில் சகரியாவின் மனைவி எலிசபெத்து. பெயர் ஒன்றேதான்.

கிரேக்கர் பேச்சில் நடுவிலுள்ள 'ப' காலப்போக்கில் 'வ' ஆனது. அவர்களிடமிருந்து பெற்ற ரஷ்யர்கள் யெலிசவேத்தா என்கிறார்கள். லத்தீன் வழியாகப் போன இடங்களில் 'ப' நின்றது: இத்தாலியில் எலிசபெத்தா, ஹங்கேரியில் எர்ஷேபெத்.

இசபெல் உருவானது தென் பிரான்ஸ், ஸ்பெயின் பக்கம். தொடக்கத்து 'எல்'லைத் ஆங்கில 'தி' போன்ற தங்கள் மொழிச் சுட்டுச்சொல் என்று எண்ணி உதிர்த்துவிட்டார்கள் என்பது வழக்கமான விளக்கம். கடைசி 'த்' ஸ்பானிய நாவுக்குப் பழக்கமில்லை, 'ல்' ஆயிற்று. நம்பச் சிரமமாக இருந்தால் இதைப் பார். ஹங்கேரியின் புனித எலிசபெத் 1231-இல் இறந்தார். அவருடைய மாற்றாந்தாய் வயிற்றுத் தங்கையின் பேத்தி 1271-இல் ஸ்பெயின் பக்கத்து அரகோன் அரச குடும்பத்தில் பிறந்தபோது பெரிய பாட்டியின் பெயரையே வைத்தார்கள். அங்கே அது இசபெல்! போர்ச்சுகலுக்கு அரசியாகப் போய், பின்னாளில் அவரும் புனிதரானார். பிரிட்டனின் இரண்டாம் எலிசபெத்தையும் ஸ்பானிய நாளிதழ்கள் இரண்டாம் இசபெல் என்றுதான் எழுதின.

என்னைக் கேட்டால் எலிசபெத்தை வை. நீங்கள் இருக்கும் ஜெர்மனியில் அதிலிருந்து எல்சா, இல்சே, லீசா, லீசெல் என்று கூப்பிட எத்தனையோ பெயர் கிடைக்கும். இரண்டாவதற்கு கத்தரீனா, மார்கரெத்தே போல வேர் வேறான ஒன்றைப் பார்.

எழுத்தில் கவனம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'இசட்', ஜெர்மனில் 'எஸ்'. இசட் போட்டால் 'ட்ஸ்' என்று வாசிப்பவர்கள் இருப்பார்கள். முடிவிலுள்ள 'டிஎச்' அங்கே வெறும் 'ட்'தான். அதற்காக 'எச்'சை விட்டுவிடாதே, வழக்கமான எழுத்து அதுதான். பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், ஞானஸ்நானப் பதிவு மூன்றிலும் ஒரெழுத்தும் மாறக்கூடாது. மாறினால், இருவரும் ஒரே ஆள்தான் என்று அவள் பெரியவளான பிறகும் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டிவரும்.

படிவத்தைக் கொடுக்கும் முன் ஒரு படம் எடுத்து அனுப்பு, நானும் பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா