ஈ கண்ணுக்கு நூறு முகம் தெரியாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை சிறுவர் பக்கத்துல ஈ எப்படி பாக்கும்னு ஒரு படம் போட்டிருந்தீங்க, ஒரு பொண்ணு முகத்தையே கட்டம் கட்டமா நூறு தடவ ஒட்டி வச்ச மாதிரி. பூச்சிங்கள பத்தி பிள்ளைங்களுக்கு சொல்லணும்னு இடம் ஒதுக்குனதுக்கு நன்றி, ஆனா அந்தப் படம் தப்பு. எங்க ஸ்கூல்ல பசங்க அத அப்படியே சார்ட்ல வரைஞ்சு எடுத்துட்டு வந்துட்டாங்க, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுத வேண்டியிருக்கு.

வீட்டு ஈயோட ஒவ்வொரு கண்ணுலயும் 3,000-க்கு மேல குட்டி லென்ஸ் இருக்கு, பெரிய தட்டான்ல 28,000 வரைக்கும் போகும், அதெல்லாம் உண்மைதான். ஆனா ஒரு லென்ஸு ஒரு முழு முகத்த பாக்குறது இல்ல. தேனீய எடுத்துக்கிட்டா ஒவ்வொரு லென்ஸுக்குப் பின்னாடியும் வெளிச்சத்த உணர்ற ஒம்போது செல்லுதான், அதுங்க ஒண்ணா சேந்து அந்த திசையில வெளிச்சம் எவ்ளோ, என்ன கலர், அத மட்டும்தான் மூளைக்கு சொல்லும். ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ராவ ஆயிரக்கணக்குல கட்டா கட்டி அதுக்குள்ள பாத்தா ஒவ்வொண்ணுலயும் ஒரு துளி இடம்தானே தெரியும், அப்படி. எல்லா புள்ளியும் சேந்து ஒரே ஒரு காட்சி, ஒரே ஒரு முகம், அவ்ளோதான்.

இந்த தப்பு எங்கேருந்து வந்துச்சுன்னு பாத்தா அதுவே பெரிய கதை. 17-ஆம் நூற்றாண்டு கடைசியில ஹாலந்துல டெல்ஃப்ட் ஊர்ல மைக்ரோஸ்கோப் ஆராய்ச்சிக்குப் பேர் போன லூவன்ஹாக் தட்டான் கண்ணோட மேல் தோல உரிச்சு மைக்ரோஸ்கோப்புல வச்சு அது வழியா தூரத்துல இருந்த சர்ச் கோபுரத்த பாத்தாரு, குட்டி குட்டியா தலைகீழா நெறைய கோபுரம் தெரிஞ்சுது. அவரு பாத்தது நிஜம், லென்ஸு படத்த உண்டாக்கத்தான் செய்யுது, ஆனா உயிரோட இருக்கிற பூச்சியில அந்தப் படத்த முழுசா வாங்குறதுக்கு பின்னாடி ஆள் இல்ல. 1826-ல ஜெர்மனியில ஜொஹான்னஸ் முல்லர்ங்கிற விஞ்ஞானிதான் இது புள்ளி புள்ளியா சேர்ற காட்சின்னு சொன்னாரு. அப்புறம் 1891-ல வியன்னாவுல எக்ஸ்னர்ங்கிற விஞ்ஞானி செஞ்சது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். ஒரு மின்மினியோட கண்ண எடுத்து சுத்தம் பண்ணி அது வழியாவே போட்டோ எடுத்தாரு, ஜன்னல் கண்ணாடியில ஒட்டுன R-ங்கிற எழுத்தும் வெளிய தள்ளி இருந்த சர்ச்சும் அதுல தெரியுது, ஒரே படமா, நேரா! மின்மினி, அந்துப்பூச்சி மாதிரி ராத்திரி திரியுற பூச்சிங்களுக்கு லென்ஸுக்கும் செல்லுக்கும் நடுவுல இடைவெளி இருக்கு, அதனால நெறைய லென்ஸு வாங்குற வெளிச்சம் ஒரே புள்ளியில போய் விழும், கொஞ்ச வெளிச்சத்துலயே அதுங்களுக்கு வழி தெரியும். பகல்ல பறக்குற தேனீக்கு இந்த ஏற்பாடு கிடையாது. பூச்சிக் கண்ணுன்னா எல்லாம் ஒண்ணுன்னு நெனைக்கக் கூடாது.

கூர்மைன்னு பாத்தா நம்ம கண்ணுதான் ரொம்ப மேல. கைய நீட்டி கட்டைவிரல் நகத்த பாருங்க, அந்த அகலத்துக்கு தேனீக்கு கிடைக்குறது ஒண்ணு ரெண்டு புள்ளிதான். நம்ம அளவுக்கு கூர்மையா பூச்சி டைப் கண்ணால பாக்கணும்னா ஒவ்வொரு கண்ணும் குறைஞ்சது ஒரு மீட்டர் அகலம் இருக்கணும்னு கிர்ஷ்ஃபெல்ட்ங்கிற விஞ்ஞானி கணக்கு போட்டிருக்காரு. ஆனா வேகத்துல ஈ நம்மள தூக்கி சாப்ட்ரும். பழைய சோக் வச்ச டியூப்லைட் செகண்டுக்கு 100 தடவ மினுக்குது, நமக்கு தெரியாது, ஈக்கு தெரியும். நாம கைய ஓங்குறது அதுக்கு மெதுவாதான் தெரியும், அதான் அடிக்க முடியல.

இதெல்லாம் படமா போடுறது கஷ்டம்னா சூரியகாந்திய போடுங்க. நமக்கு இதழ் முழுக்க மஞ்சள், ஆனா தேனீக்கு நம்ம கண்ணுக்குத் தெரியாத புற ஊதா வெளிச்சமும் தெரியுறதால இதழோட நுனி ஒரு கலரு அடிப்பக்கம் வேற கலரு, நடுவுல வட்டம் போட்ட மாதிரி தெரியும். செவப்பு மட்டும் அதுக்கு ஒழுங்கா தெரியாது.

கண்ணு ரெண்டுன்னு நீங்க போட்டதும் சரியில்ல. குளவி, தேனீ, தட்டான் எல்லாத்துக்கும் நெத்தியில முக்கோணமா இன்னும் மூணு குட்டிக் கண்ணு இருக்கு, பறக்குறப்ப எது மேல எது கீழன்னு சமாளிக்க அது உதவும். கம்பளிப்பூச்சிக்கு பெரிய கண்ணே கிடையாது, பெரும்பாலும் பக்கத்துக்கு ஆறு சின்ன புள்ளிக் கண்ணுதான், அது கூட்டுக்குள்ள போய் பட்டாம்பூச்சியா வர்றப்பதான் லென்ஸு நெறைஞ்ச கண்ணு வரும். கும்பிடுபூச்சிய கிட்டப் போய் பாத்தா கண்ணுல ஒரு கருப்புப் புள்ளி நம்மள தொடர்ந்து பாக்குற மாதிரி நகரும், அது கருவிழி இல்ல, நமக்கு நேரா இருக்கிற லென்ஸுங்க வெளிச்சத்த உள்ள இழுத்துக்குறதால கருப்பா தெரியுது. நாம எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கத்து லென்ஸு கருப்பாகும். இத எந்தப் பிள்ளையும் செடிகிட்டயே நின்னு பாக்கலாம், ஒரு பைசா செலவு கிடையாது.

அடுத்த வாரம் அதே பக்கத்துல, அதே சைஸ்ல திருத்தம் போடணும்னு கேட்டுக்குறேன். கூடவே ஒரு வரி சேத்துருங்க, கண்ண பாக்குறதுக்காக எந்தப் பூச்சியையும் கொல்ல வேண்டாம்னு. ஜன்னல் ஓரத்துல செத்துக் கெடக்குற ஈ ஒண்ணும் நல்லா பெருசாக்கிக் காட்டுற லென்ஸும் போதும், வெயில்ல வச்சு பாத்தா கட்டம் கட்டமா தெரிய ஆரம்பிக்கும்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியை ஒருவர்,
தென்காசி மாவட்டம்