குமரி மாவட்டத்தின் ஆறு சட்டமன்ற உறுப்பினர்களுக்கு: ஏலாவைக் காக்க ஒரு சட்டம் கேளுங்கள்

ஆறு பேருக்கும் வணக்கம்.

களியக்காவிளைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இங்கிருந்து கொஞ்ச தூரம் போனால் பாறசாலை, கேரளம். 1956 நவம்பர் 1 வரை எல்லாம் ஒரே ஆட்சிக்குக் கீழே இருந்த மண், அதே கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போக நெல் சாகுபடிதான். ஆனால் அங்கே வயலில் மண் அடிக்க வந்தால் 2008-இல் கொண்டுவந்த நெல்வயல், நீர்த்தட (ஈரநில) பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். இங்கே ஏலாவை, அதாவது நெல்வயல் பரப்பை, காக்கவென்று அப்படி ஒரு தனிச் சட்டம் கிடையாது. முதலில் வாழை வைக்கிறார்கள், பிறகு தென்னை, அப்புறம் டிப்பர் வருகிறது, பிளாட் கல் நடுகிறார்கள்.

2022-இல் நம் மாவட்டத்துச் சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் குளப்பகுதிகளுக்கு ராம்சார் அங்கீகாரம், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. நமக்கெல்லாம் பெருமைதான். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 114 ஹெக்டேர். ஆனால் குளம் தனியாகப் பிழைக்காது. மறுகால் பாய்கிற தண்ணீர் ஏலா வழியாக அடுத்த குளத்துக்குப் போகிறது, வரப்புக்குள் நிற்பது மெல்ல இறங்கிப் பக்கத்துக் கிணறுகளில் ஊறுகிறது, மிச்சம் பழையாற்றில் சேர்ந்து மணக்குடியில் கடலோடு கலக்கிறது. அந்த நல்ல தண்ணீர் வந்து தள்ளாவிட்டால் உப்பு மேலே ஏறும். மத்திய ஆசியாவிலிருந்து பறவைகள் வரும் வழித்தடத்தின் தென்கோடி இது. நாரையும் கொக்கும் குளத்துப்பக்கம் தங்கினாலும் இரை பொறுக்குவது வயலில்தானே? நடுவில் உள்ள ஏலாவை நிரப்பிவிட்டால் மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வராமல் எங்கே போகும்? 2021 நவம்பர் வெள்ளத்தில் இந்த மாவட்டம் பட்டபாட்டை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மத்திய அரசின் 2017 ஈரநில விதிகளை நம்பி இருக்க முடியாது. அதில் நெல்வயல் ஈரநிலக் கணக்கிலேயே வராது, பாசனத்துக்கென்று கட்டியவையும் வராது. குளமும் வயலுமாகவே இருக்கிற நாஞ்சில் நாட்டில் அப்புறம் என்ன மிஞ்சும்? ராம்சார் உடன்படிக்கை நாடுகளே 2008-இல் தென்கொரியாவில் கூடி, நெல்வயலும் ஈரநிலம்தான் என்று தீர்மானம் போட்டிருக்கின்றன.

கேரளச் சட்டம் குறையே இல்லாதது என்று சொல்லவில்லை, 2018 திருத்தத்தில் அதையும் தளர்த்திவிட்டார்கள். ஆனாலும் ஒவ்வொரு ஊராட்சியிலும் எது வயல், எது நீர்த்தடம் என்று பட்டியல் போட்டு வெளியிட வேண்டும், விவசாயிகளும் இருக்கிற உள்ளூர்க் குழு கண்காணிக்க வேண்டும், மீறினால் சிறைத்தண்டனை உண்டு என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. நமக்கு முதலில் தேவை அந்தப் பட்டியல்தான். எந்த சர்வே எண் ஏலா என்று ஊருக்கே தெரிந்தால், ராத்திரி மண் அடிக்கிறவனை யாரும் கேள்வி கேட்கலாம்.

வயலை விற்கிற விவசாயியைத் திட்டி ஒரு பயனும் இல்லை. கூலிக்கும் உரத்துக்கும் கொடுத்தபிறகு அவர் கையில் என்ன நிற்கிறது? வயலை வயலாகவே வைத்திருப்பவருக்குக் கேரளம் 2020-இல் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2000 ரூபாய் என்று கொடுக்கத் தொடங்கியது. சின்னத் தொகைதான், ஆனால் அவர் பிடித்துவைத்திருக்கிற தண்ணீருக்கு அரசு ஒரு மதிப்புக் கொடுக்கிறது. நாம் அதைவிடக் கூட்டியே கொடுக்கலாம்.

ஆறு பேரும் வேறு வேறு மேடையில் பேசுகிறவர்களாக இருக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, அடுத்த கூட்டத்தொடரிலேயே தமிழ்நாட்டுக்கு ஒரு நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் கேளுங்கள். சட்டம் வரும்வரை குளத்துப் பாசன ஏலாக்களில் புது மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்க வேண்டாம் என்று மாவட்ட நிர்வாகத்துக்கு எழுதுங்கள், அந்தக் கடிதத்தை நாங்களும் படிக்கும்படி வெளியிடுங்கள்.