மெக்காலே அன்று லண்டனில் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் வாசகர் கடிதங்களில், இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்கு வழிபோட்ட வெள்ளைக்காரர் மெக்காலேயின் பேச்சைப் பார்த்ததும், கடன் வாங்கிப்போன பழைய ஆசாமியைத் தெருவில் பார்த்த மாதிரி இருந்தது. 'இந்தியாவின் குறுக்கும் நெடுக்கும் போனேன், ஒரு பிச்சைக்காரனைக்கூடப் பார்க்கவில்லை; இவர்களை அடக்கி ஆள இவர்களுடைய பழைய கல்வியை மாற்ற வேண்டும்' என்று 1835 பிப்ரவரி 2-ல் பிரிட்டிஷ் பார்லிமென்டில் அவர் பேசியதாக வருமே, அதுதான். பல வருடங்களுக்கு முன்பே எனக்கு மின்னஞ்சலில் வந்தது. பழுப்பேறிய தாளில் அச்சடித்தது போல ஒரு படம் வேறு. சிலிர்த்துப் போய், தெரிந்தவர்கள் நாற்பது பேருக்குத் தட்டிவிட்டேன்.

திருச்சியில் சரித்திர வாத்தியாராக இருந்த என் மைத்துனர் ஒரே வரியில் பதில் போட்டார்: "மாப்ளே, அன்னைக்கு அவர் கல்கத்தாவுல இல்ல இருந்தார்?"

ரோஷத்தில் கன்னிமாரா நூலகத்துக்குப் போனேன். மெக்காலேயின் தங்கை மகன் எழுதிய வாழ்க்கை வரலாற்றைத் தேடி எடுத்தேன். 1834 பிப்ரவரியில் இங்கிலாந்தில் கப்பலேறியவர், ஜூன் 10-ல் வந்து இறங்கியது நம்ம சென்னையில்! அப்போது இங்கே துறைமுகம் கிடையாது. படகில் அலையைத் தாண்டித்தான் கரை சேர வேண்டும். கவர்னர் ஜெனரல் பென்டிங் ஊட்டியில் இருந்ததால் இவரும் அங்கே மலையேறி, அப்புறம் கல்கத்தா. 1838 வரை ஊர் திரும்பவே இல்லை. ஒரு வழிக்கே நாலு மாதம் ஆகிற காலத்தில் நடுவில் போய்ப் பேசிவிட்டு வந்திருக்கவும் முடியாது.

தேதி மட்டும் நிஜம். அன்றைக்குத்தான் கல்கத்தாவில் ஆங்கிலக் கல்வி பற்றிய குறிப்பை எழுதினார். நல்ல ஐரோப்பிய நூலகத்தின் ஒரே ஒரு தட்டு, இந்திய, அரபு இலக்கியம் மொத்தத்துக்கும் ஈடாகும் என்பது அதில் இருக்கிறது. திட்டுவதற்கு அதுவே தாராளமாகப் போதுமே, கற்பனைப் பேச்சு எதற்கு?

அதிலிருந்து எது வந்தாலும் முதலில் ஆளும் தேதியும் இடமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறேன். பிறகு ஒரு வரியை நகலெடுத்து மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால், பாதிக் கதை அங்கேயே சாயம் போய்விடுகிறது. ஐப்பசி பிறந்தால் வரும் 'தீபாவளி இரவில் நாசா எடுத்த இந்தியா' படமும் அப்படித்தான். அது ஒரு இரவின் படமே இல்லை. 1992, 1998, 2003 என்று எந்தெந்தக் காலத்தில் எங்கே புதிதாக விளக்கு வந்தது என்று காட்ட, செயற்கைக்கோள் தகவல்களை நிறம் பிரித்து அடுக்கியது. நம் தேசிய கீதத்தை உலகத்திலேயே சிறந்ததாக அறிவித்ததாகச் சொல்லப்பட்ட யுனெஸ்கோ, தானே அதை மறுத்துவிட்டது.

எல்லாமே பெருமை பேசுகிறவையும் இல்லை. 2015 வெள்ளத்தின்போது, மாமல்லபுரத்துப் பக்கம் உள்ள பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று செல்போனில் வந்ததை நம்பி, வேளச்சேரியில் என் தங்கை முழங்கால் தண்ணீரில் இறங்கவே மாட்டேன் என்று மாடியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு முதலையும் தப்பவில்லை என்று பண்ணைக்காரர்களே சொன்னார்கள். பால் பாக்கெட் கீழே, அவள் மேலே.

கடிதம் எழுதிய அன்பரைக் குறை சொல்லவில்லை, நானும் அனுப்பியவன்தானே. ஆனால் அச்சில் வந்துவிட்டதால், நாளைக்கு உங்கள் இதழையே ஆதாரமாகக் காட்டுவார்கள். ஒரு மூலையில் இரண்டு வரி திருத்தம் போடுங்கள். நானும் அந்த நாற்பது பேருக்கும் மறுப்பு அனுப்பினேன். பதில் போட்டவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர், இனிமேல் தனக்கு எதுவும் அனுப்ப வேண்டாம் என்றார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
மேற்கு மாம்பலம், சென்னை - 33