உன் ஹாலுக்கு எந்தச் சாம்பல் நிறம்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படம் வந்தது. மூன்று சாம்பல் நிற அட்டைகளைச் சுவரில் ஒட்டி, "அப்பா, இதில் எது?" என்று கேட்டிருந்தாய். அதற்கு முன்னும் ஒரு வரி இல்லை, பின்னும் இல்லை. பரவாயில்லை, வேலை இருந்திருக்கும். கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன்.

மில்லில் வாழ்நாளெல்லாம் ஷேடு பார்த்தவனிடம் கேட்க வேண்டும் என்று உனக்குத் தோன்றியதில் எனக்கு நிறைந்த மகிழ்ச்சி. அந்த வேலையில் எங்களை மிகவும் அலைக்கழித்த நிறம் சாம்பல்தான். சிவப்பு கொஞ்சம் முன்பின்னாகப் போனாலும் பார்ப்பவர் சிவப்பு என்றே சொல்வார். சாம்பலில் சாயம் ஒரு துளி கூடினால் துணி நீலம் பாய்ந்துவிடும், அல்லது பச்சை தட்டிவிடும். நிறமே இல்லாதது போன்ற ஒன்றில் சிறு சாயல் வந்தாலும் கண் உடனே பிடித்துவிடும். அதனால் சுத்தமான சாம்பல் என்று ஒன்றைத் தேடாதே. கடையில் இருக்கும் ஒவ்வொரு சாம்பலுக்குள்ளும் நீலமோ, பச்சையோ, ஊதாவோ, பழுப்போ ஒளிந்திருக்கும். எது ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

அதற்கு ஒரு வழி சொல்கிறேன். ஒவ்வொரு அட்டையையும் தனியாக எடுத்து, வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார். பிறகு ஷேடு கார்டில் அதே வரிசையின் கடைசியில் இருக்கும் மிக அடர்ந்த நிறத்தைப் பார். வெளிர் நிறத்தில் மறைந்திருப்பது அடர்நிறத்தில் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். என் கண்ணுக்கு இடப்பக்க அட்டையில் நீலமும், நடுவில் இருப்பதில் லேசான பச்சையும், வலப்பக்கத்தில் பழுப்பும் தெரிகின்றன. ஆனால் கைப்பேசிப் படத்தை நம்பி நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். கேமரா தன் போக்கில் வெண்மையைத் திருத்திக்கொள்ளும். நீயே நேரில் பார்த்து எழுது. பகலில் பார். படம் வந்த நேரத்தைக் கவனித்தேன், இரவு இரண்டு மணி. அந்த நேரத்தில் நிறம் தேர்ந்தெடுக்கக் கூடாது. அந்த நேரத்தில் தூங்க வேண்டும்.

படத்தில் இன்னொன்றும் தெரிந்தது. ஜன்னலுக்குக் கீழே போட்டிருந்த பழுப்புச் சோபாவைக் காணோம். புத்தக அலமாரியிலும் ஒரு பக்கத்துத் தட்டுகள் காலியாக இருந்தன. பெயிண்ட் அடிப்பதற்காக நகர்த்தி வைத்திருப்பாய். அப்படியென்றால் சரி.

சோபாவைப் பற்றி ஏன் கேட்கிறேன் என்றால், பக்கத்தில் எது இருக்கிறதோ அதைப் பொறுத்துச் சாம்பல் மாறும். பாரிசில் கோப்லேன் நெசவாலையின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஷெவ்ரல் என்ற வேதியியலாளரைப் பற்றி உனக்குச் சிறு வயதில் சொல்லியிருக்கிறேன். நீ அந்தப் பெயரை உச்சரித்துக் காட்டித்தான் சித்தியைச் சிரிக்க வைப்பாய். கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று அவரிடம் புகார் வந்தது. சாயத்தைச் சோதித்துப் பார்த்தால் குறை ஒன்றும் இல்லை. அருகில் நெய்திருந்த நிறங்கள்தான் கறுப்பை அப்படிக் காட்டின. இதையெல்லாம் ஆராய்ந்து 1839-ல் அவர் வெளியிட்டது இன்றும் சாயத் தொழிலில் பாடமாக இருக்கிறது. சிவப்புக்குப் பக்கத்தில் சாம்பல் பச்சை தட்டும். மஞ்சளுக்குப் பக்கத்தில் ஊதாவின் பக்கம் போகும். பழுப்புச் சோபாவுக்குப் பின்னால் இடப்பக்க அட்டையின் நிறத்தை அடித்தால் சுவர் இன்னும் நீலமாக, குளிர்ந்து தெரியும். சோபா அங்கேயே இருக்கும் என்றால் வலப்பக்க அட்டைதான் பொருந்தும். இல்லை என்றால் கணக்கே வேறு. அறையில் எது இருக்கப்போகிறது என்று தெரியாமல் சுவருக்கு நிறம் சொல்ல என்னால் முடியாது.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. பெரியப்பா வந்துவிட்டுப் போனார். உன்னையும் மாப்பிள்ளையையும் விசாரித்தார். இருவரும் நன்றாக இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். பெரியப்பாவுடைய சின்ன மகனுக்கு வேலை மாற்றம் கிடைத்த செய்தி இருக்கிறது, அதை நீ போன் செய்யும்போது சொல்கிறேன். செய்வாய் அல்லவா?

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். உன் ஹாலுக்கு இருப்பது ஒரே ஜன்னல், அதுவும் கிழக்குப் பார்த்தது. காலை வெயிலில் எந்தச் சாம்பலும் இதமாகத் தெரியும். உச்சி சாய்ந்த பிறகு அந்த ஜன்னலுக்கு நேர் வெயில் கிடையாது, வானத்தின் நீல வெளிச்சம் மட்டும்தான் வரும். அப்போது அதே சுவர் வேறு முகம் காட்டும். நீ வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போதோ விளக்கு வெளிச்சம்தான். விளக்கின் பெட்டியில் ஓர் எண் போட்டிருப்பார்கள். 2700 கெல்வின் என்றால் மஞ்சள் கலந்த ஒளி, 4000 நடுத்தரம், 6500 பகல் வெளிச்சத்தைப் போல நீலம் தூக்கலாக இருக்கும். மில்லில் நிறம் பார்ப்பதற்கென்றே இருந்த பெட்டிக்குள் ஒரே துணியைப் பகல் விளக்கிலும், டியூப் விளக்கிலும், மஞ்சள் பல்பிலும் மாற்றி மாற்றிப் பார்ப்போம். ஒரு விளக்கில் இரட்டைப் பிள்ளைகள் போல ஒட்டி நின்ற இரண்டு சாம்பல்கள் அடுத்த விளக்கில் பிரிந்துபோவதை நீயே வந்து பார்த்திருக்கிறாய். அன்று அந்தப் பெட்டிக்கு முன்னால் முக்காலி போட்டு நின்று, எங்கள் மேலாளர் விட்டுவிட்ட வித்தியாசத்தை நீ சுட்டிக்காட்டினாய். எட்டு வயது உனக்கு. அந்தக் கண் இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது. எதையும் பார்க்காமல் விடுகிற பெண் இல்லை நீ. ஆனால் பார்த்ததை யாரிடமும் சொல்வதில்லை. அதுதான் எனக்குக் கவலை.

சாம்பல் நிறம் என்றதும் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. வீடு சோர்ந்துபோய்விடும் என்கிறாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. நிறம் பார்க்கும் அந்தப் பெட்டியின் உட்பக்கம் முழுக்க நடுநிலைச் சாம்பல் அடித்திருப்பார்கள். கண்ணை எந்தப் பக்கமும் இழுக்காத நிறம் அது, உள்ளே வைத்ததை உள்ளபடி காட்டும். எதையும் தெளிவாகப் பார்க்க நினைப்பவள் தன் அறைக்குச் சாம்பலைக் கேட்டால் நியாயம்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் சமாதானம் ஆகவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் முழுச் சமாதானம் இல்லை. இப்போது சுவரில் இருக்கும் மஞ்சளை நீதான் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்தாய். நீயே சம்பாதித்து வாங்கிய வீடு என்று அம்மா அந்தச் சுவர்களின் படத்தைத்தான் இன்றும் எல்லோருக்கும் காட்டுகிறாள். அது வெளுத்துப்போகவும் இல்லை. அவசரமாக அதை மறைக்க வேண்டும் என்று தோன்றினால், கொஞ்சம் பொறு. சுவர் எங்கேயும் போகாது.

பொறுத்த பிறகும் சாம்பல்தான் வேண்டும் என்றால் ஒரு பெரிய பலகையில் அடித்துப் பார். அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதே. பலகையில் இரண்டு கோட் அடித்து, ஓரத்தில் வெள்ளை விளிம்பு விட்டு, நன்றாகக் காயவை. ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்த பிறகு இருக்காது. அதை ஜன்னல் பக்கம் ஒரு நாள், எதிர்ச் சுவரில் ஒரு நாள், இருண்ட மூலையில் ஒரு நாள் என்று சாய்த்து வைத்து, காலை, மதியம், இரவு பார். மஞ்சள் சுவரின் மேலேயே திட்டுத்திட்டாக அடித்துப் பார்க்காதே, சுற்றியுள்ள மஞ்சள் உன்னை ஏமாற்றிவிடும். நான்கு சுவரும் அடித்த பிறகு ஒன்றின் நிறம் மற்றொன்றில் பட்டுத் திரும்பி, அட்டையில் பார்த்ததைவிட அழுத்தமாகத் தெரியும் என்பதையும் நினைவில் வை.

ஷேடு கார்டின் பின்புறத்தில் ஒளி திருப்பும் அளவு போட்டிருந்தால் அதையும் பார். முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 100. ஒற்றை ஜன்னல் அறைக்கு 50-க்கு மேல் இருப்பதுதான் நல்லது, 60 என்றால் இன்னும் நல்லது. அடர்ந்த சாம்பல் வேண்டாம். பகலிலேயே விளக்குப் போட்டுக்கொண்டு அந்த ஹாலில் நீ தனியாக உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்க்க எனக்கு மனம் இல்லை. பளபளப்பு அதிகம் இல்லாத எமல்ஷன் வாங்கு, சுவரின் மேடுபள்ளம் தெரியாது. ஈரம் கசியும் இடம் இருந்தால் முதலில் கசிவை அடைக்கச் சொல்.

ஏணியில் தனியாக ஏறாதே. கீழே பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். ஆள் இருக்கிறதா? பெயிண்டரை வைத்துச் செய்கிறாயா, நீயே செய்கிறாயா என்றும் நீ எழுதவில்லை. நீயே என்றால் நான் வருகிறேன். மேல்சுவரை நீ பார்த்துக்கொள், ஓரங்களும் கீழ்ச்சுவரும் என் பொறுப்பு. அம்மாவும் வருவாள், ஒன்றும் கேட்க மாட்டாள். அவளிடம் பேசிவிட்டேன்.

மறுபடியும் சொல்கிறேன், பலகையில் அடித்துப் பார்க்காமல் பெயிண்ட் வாங்காதே. ஓர் இரவில் முடிவு செய்யாதே.

சோபா திரும்பி வருமா, வராதா? அதை மட்டும் எழுது போதும், காரணம் எழுத வேண்டாம். வரும் என்றால் வலப்பக்க அட்டை. வராது என்றால் நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். அலமாரியில் மிச்சம் இருக்கும் உன் புத்தகங்களுக்கும் அந்த மரத்துக்கும் அது நன்றாகவே பொருந்தும். எதுவானாலும் நாங்கள் புறப்பட்டு வரலாமா என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: தேவையான பெயிண்ட் முழுவதையும் ஒரே தடவையில் வாங்கு. டின்னுக்கு டின் ஷேடு லேசாக மாறும், அதனால் எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துவிட்டுத்தான் ரோலரைத் தொட வேண்டும். நிற எண்ணை மூடியின் உட்புறத்தில் எழுதி வை. சுவரின் நீள அகலத்தை அனுப்பினால் எத்தனை லிட்டர் என்று நான் கணக்குப் போட்டுத் தருகிறேன், போனிலேயே சொல்லிவிடலாம்.